கானாடுகாத்தான் வீட்டுக்கு வரப்போகும் ராஜபாளையம் குட்டி

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (அவருடைய அப்பா, அம்மாவுக்கு) துணையாக ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். குட்டிக்கு இப்போது 28 நாள். "35 நாளில் எடுத்துக்கோங்க" என்கிறார் விற்பவர். பெரிய வீடு, காவலுக்கும் ஆகும். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார்.

பட்டியல் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அடி கனமான எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, மெத்தென்ற கழுத்துப்பட்டை ஒன்று, ஒரு கயிறு, குட்டி நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி, கடிக்க இரண்டு ரப்பர் சாமான், பழைய பருத்திச் சேலை நாலைந்து. மிச்சக் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஊசிக்கு ஆகும். வாங்க வேண்டியது குறைவு, செய்து வைக்க வேண்டியதுதான் அதிகம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்ட ஊசிதான் அதிகம் என்றாலும், துண்டில் சுற்றி மருந்தகத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாய்க்குட்டிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பலவும் புது வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாதவை.

முதலில் அந்த 35 நாள். வேண்டாம். எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதியை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும்தான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து, "வீல்" என்று கத்தி, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடத்தை முடிக்காமல் வருகிற குட்டி, அதை உங்கள் ஆத்தாவின் கையில் படிக்கும். எழுபது வயதுத் தோல் அதற்குத் தாங்காது. விற்பவர் ஏன் அவசரப்படுகிறார் என்பதும் தெரிந்ததுதான். நாலாவது வாரத்துக்கு மேல் குட்டிகள் தின்னத் தொடங்கும், ஊசிச் செலவும் வரும். "மூன்று வாரத் தீனிக்கும் முதல் ஊசிக்கும் ஆகிற பணத்தைத் தனியாகத் தருகிறேன், குட்டி தாயோடு இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஆளாக இருந்தால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

குட்டியோடு விற்பவர் தருகிற தடுப்பூசி அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பூசிக் குப்பியில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். ஊசி போட்டதும் அதை உரித்து அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். வெறும் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் மட்டும் இருந்தால், ஊசி போடவே இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் ஊர் மருத்துவரிடம் புதிதாகத் தொடங்குங்கள். இந்த மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து குத்தினால் ஊசிக் குழாயில் இருப்பது தண்ணீர்தான். துறையில் இருந்துகொண்டே இதில் ஏமாந்தவன் நான். பல வருஷத்துக்கு முன் ஸ்டாம்ப் மட்டும் போட்ட அட்டையோடு ஒரு குட்டியை வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் சாப்பிடவில்லை, ஆறாம் நாள் வாந்தி, அன்று சாயங்காலம் ரத்தமாகப் போயிற்று. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய். எட்டாம் நாள் கொல்லையில் குழி வெட்டினேன்.

ராஜபாளையம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கிற இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. எல்லாக் குட்டிகளும் சேர்ந்து இருக்கும்போது கையைத் தட்டினால் தெரியாது, மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒன்றை மட்டும் தனியே எடுத்து, அது வேறெதையோ மோந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசைய வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

இனி, கேட்காததற்கு ஒரு பதில். 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த பெருமைக்குரிய இனம் அது, சரி. ஆனால் வளர்ந்தால் தோள் உயரமே இரண்டடிக்கு மேல் போகும், வேட்டைக்கு ஓடிய ரத்தம். எட்டாவது மாதத்தில் தெருவில் ஒரு பூனையைக் கண்டால் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் உங்கள் அப்பச்சியா, தேரா என்று அது பார்க்காது. முழங்கால் வலி உள்ளவர் என்றால் விழுவது நிச்சயம். உங்களிடத்தில் நான் இருந்தால், குணம் தெரிந்த இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றை எடுத்திருப்பேன். முன்பணம் கொடுத்தாயிற்று, மனசும் போயாயிற்று என்றால், காலையிலும் மாலையிலும் அதை நடத்த ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். நாய் வந்த பிறகு ஆள் தேடக் கூடாது. காவலைப் பொறுத்தவரை, குட்டி ஒரு வருஷத்துக்கு எதையும் காக்காது, அதைத்தான் நாம் காக்க வேண்டும்.

இப்போது வீடு. நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் கல்யாணத்தை நினைத்துக் கட்டினார்கள், நாய்க்குட்டியை நினைத்துக் கட்டவில்லை. முகப்பு வாசலில் நின்றால் வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பத்திகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டில் கதவுகள். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பால்காரருக்கு முன்கதவும், பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குப் பின்கதவும் திறந்திருக்கும் ஒரு நிமிஷம் போதும், குட்டி ஒரு தெருவில் புகுந்து மறு தெருவில் வெளியேறிவிடும். ஆகவே முழு வீட்டையும் அதற்குக் கொடுக்காதீர்கள். வளவில் ஒரு பத்தியை மட்டும், இரண்டடி உயரப் பலகை வைத்து அடைத்துக் கொடுங்கள். ஆத்தா காலையில் காய் நறுக்க உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கு அதன் உலகம் அதுதான்.

தரை ஆத்தங்குடிக் கல் என்றால் கவனம். அறுபது எழுபது வருஷம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். குட்டி ஓடும்போது நாலு காலும் நாலு பக்கம் போகும். வேகமாக எலும்பு வளர்கிற பெரிய இனத்துக்கு இது இடுப்பு மூட்டுக்கு ஆகாது. அது நடமாடும் இடத்தில் கோரைப்பாயோ பழைய ஜமுக்காளமோ விரித்துவிடுங்கள். அந்தக் கல் சிமெண்டில் செய்தது, ஈரத்தை உறிஞ்சும். குட்டி ஒன்றுக்குப் போனால் உடனே துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் தொடக் கூடாது, கல்லின் பூ அழிந்துபோகும். அப்புறம் ஆத்தாவிடம் யார் பதில் சொல்வது?

முற்றத்தில் மழைத்தண்ணீர் போகிற தூம்பு வாயை ஒரு கம்பி வலையால் மூடுங்கள். எட்டு வாரக் குட்டியின் தலை நுழைகிற எந்த ஓட்டையிலும் உடம்பும் நுழைந்துவிடும், திரும்பி வரத்தான் தெரியாது. முற்றத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிற அண்டாவுக்கு மூடி, கொல்லைக் கிணற்றுக்குக் கம்பி மூடி. பூட்டிக் கிடக்கிற பங்காளிகள் அறைகளின் கதவடியில் சந்து இருந்தால் துணி திணித்து அடையுங்கள். பத்து வருஷமாகத் திறக்காத அறையில் எலி மருந்து இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். கொல்லையில் விறகும் உடைந்த ஓடும் குவிந்து கிடந்தால் குட்டி வருவதற்கு முன்பே அள்ளிவிடுங்கள். தரையோரம் ஓடுகிற பழைய வயர்களைச் சுவரில் உயர்த்தி அடியுங்கள். நாலாவது மாதத்திலிருந்து பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு அரிக்கும், எதையாவது கடித்தே ஆகும். தூணும் நிலையும் பர்மாத் தேக்கு என்று அதற்குத் தெரியாது. துணியை நனைத்து முறுக்கி, பிரீசரில் வைத்துக் கொடுங்கள், அரிப்பு அடங்கும். அடிக்காதீர்கள்.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகள் அதற்கென்றே கட்டியது மாதிரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் அது தங்காது. ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த கோட்டில், கதவுக் கீலுக்குப் பின்னால், மரச்சிற்பத்தின் இலை மடிப்பில், உத்தரத்தின் வெடிப்பில் தங்கும். ரத்தம் குடித்துப் பச்சைப்பட்டாணி மாதிரி ஊதிய பெண் உண்ணி நாயிடமிருந்து விழுந்து, சுவரேறி, இப்படி ஒரு சந்தில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய்மேல் நீங்கள் பார்க்கிற பத்து உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்ததாக ஆகாது. மிச்சம் வீட்டில் இருக்கிறது. குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு டார்ச்சோடு உட்கார்ந்து எல்லாச் சந்தையும் பாருங்கள், ஆழமான வெடிப்புகளை மெழுகு, மரத்தூள் பசை எது வைத்தாவது அடையுங்கள். படுக்கைக்குச் சாக்கு வேண்டாம், அதன் இழையில் உண்ணி ஒளிந்துகொள்ளும். சேலைதான் நல்லது, வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தலாம். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள்.

மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்து கொட்டிலில் இருக்கும், "அதுவும் உண்ணிதானே" என்று அதைக் கரைத்துக் குட்டியைக் குளிப்பாட்டிவிடுவார்கள். வாயில் நுரை தள்ளிக் கைகால் வெட்டி இழுக்கிற குட்டிகளை அப்படித்தான் என்னிடம் தூக்கி வந்தார்கள். குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்து தனியாக உண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் போடுங்கள். உண்ணி வெறும் அரிப்பு இல்லை. எர்லிக்கியா, பபேசியா என்று இரண்டு காய்ச்சல்களை அது கொண்டுவரும். குட்டி சோர்ந்து கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய்ச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பாடு. முதல் ஒரு வாரம் விற்பவர் என்ன கொடுத்தாரோ அதையே கொடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். மூன்று மாதம் வரை நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. மசாலா இல்லாமல் வேக வைத்த கோழி, குழைந்த சோறு, வெந்த முட்டை, கேரட், பூசணி எல்லாம் சரி. பசும்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிற்றாலை போகும். கடையில் விற்கிற குட்டித் தீனி மட்டும் கொடுப்பதென்றால் அதன்மேல் சுண்ணாம்புச்சத்து டானிக் ஊற்றாதீர்கள். பெரிய இனத்துக்கு அது மிஞ்சினால் எலும்பு கோணும்.

ஆச்சிமார்களிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்க முடியாத இடம் ஒன்று உண்டு, அது குழம்புச் சோறு. "எங்க வீட்டு நாய் பதினைஞ்சு வருஷம் குழம்புச் சோறு தின்னுதான் கெடந்துச்சு" என்பார்கள். நம் அடுப்படியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பே கிடையாது, அவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் உடல் எடையில் அரை சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து என்பது மருத்துவக் கணக்கு. மூன்று கிலோக் குட்டிக்கு அது 15 கிராம், உரித்த சின்ன வெங்காயம் மூன்று வந்தாலே அதிகம். வதக்கினாலும் வேக வைத்தாலும் விஷம் போகாது. தப்பிப் பிழைத்த நாயைப் பற்றித்தான் கதை சொல்வார்கள், போன நாய்க்குக் காரணம் யாருக்கும் தெரியாது. பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தை. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடையும். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம் என்று வீட்டில் இலை விழுகிற மாதத்தில் குட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். யார் எதைப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கும். மூன்று, நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று நிறுத்துகிறவர்களுக்கு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசியின் மருந்தை அது அடக்கிவிடும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். மூன்றாவது மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி. பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற மருத்துவர் காரைக்குடியில் யார் என்று இப்போதே விசாரித்து, எண்ணை அப்பச்சி போனில் போட்டுக் கொடுங்கள். பெரிய சிகிச்சை என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் இளநீர் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். பார்வோவில் அந்த ஒரு நாள்தான் உயிர். வீட்டில் முன்பு பார்வோவில் குட்டி இறந்திருந்தால் பினாயில் போட்டுக் கழுவியது கணக்கில் வராது. அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்கும், பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும்.

ஊசி முடிகிற வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் மூன்றிலிருந்து பதினாலாவது வாரம் வரைக்கும்தான் உலகம் பழகுகிற வயதும். இரண்டும் முட்டும். வழி ஒன்றுதான்: மடியில் வைத்துக்கொண்டு முகப்புத் திண்ணையில் உட்காருங்கள். பஸ், ஆட்டு மந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில் மணி, கல்யாண மேளம் எல்லாம் மடியிலிருந்தே பார்க்கட்டும். தலைப்பாகை கட்டியவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர் என்று வருகிற ஆட்களையும் பழக்குங்கள். உங்கள் அப்பச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

ஒன்று இரண்டுக்குப் பழக்குவது பெரிய வித்தை இல்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கொல்லையில் ஒரே செம்மண் மூலைக்குத் தூக்கிப் போங்கள். போனதும் ஒரு துண்டுக் கோழி. உள்ளே போய்விட்டால் பேசாமல் துடையுங்கள். மூக்கைத் தேய்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அதனால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும்.

சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் முற்றத்துக் கல்லில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத கல்லில் அது நடக்கக் கூடாது.

விளையாட்டில் பல் பட்டு ரத்தக் கோடு விழுந்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஊசி இலவசம். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று விடக் கூடாது. ஊசி முடியாத குட்டிக்கு வெறி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கொண்டுவருகிற நாளுக்கு வருவோம். ராஜபாளையத்திலிருந்து மதுரை வழியாகக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். விடிகாலையில் புறப்பட்டு மதியத்துக்குள் வந்துவிடுங்கள், இருட்டுவதற்குள் குட்டி இடத்தை மோந்து முடிக்கட்டும். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம், கக்கும். அன்று ராத்திரி அழும். பூட்டுகிற அறையில் போட்டு "பழகிக்கும்" என்று விடாதீர்கள், இரண்டாம் கட்டில் எதிரொலிக்கிற அழுகையில் வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை. பெட்டியை உங்கள் பாய்க்குப் பக்கத்தில் வைத்து, அழும்போது கையை மட்டும் உள்ளே விடுங்கள். நாலைந்து ராத்திரியில் அடங்கும்.

"உங்கள் பாய்" என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ராத்திரி மூன்று முறை எழுந்து அதைக் கொல்லைக்குத் தூக்கிப் போவது பெரியவர்களுக்கு ஆகாது. குட்டி வருகிற அன்றிலிருந்து இரண்டு வாரம் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, அந்தத் தேதியை விற்பவரிடம் சொல்லுங்கள். பத்தாவது வாரம் ஆனாலும் பரவாயில்லை, ஊசியை அங்கேயே தொடங்கச் சொல்லிவிட்டால் போதும். இந்த வாரமே ஆத்தாவின் நைந்த கண்டாங்கிச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை விற்பவருக்கு அனுப்பி, தாய் படுக்கிற இடத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குட்டியோடு அது துவைக்காமல் திரும்பி வர வேண்டும். முதல் ராத்திரி பெட்டிக்குள் விரிக்க அதுதான்.